பிக் ஃபோரில் முதல் வேலை: பட்டதாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிக் ஃபோர் என்றால் உலகின் நாலு பெரிய தணிக்கை நிறுவனங்கள்: டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி. காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளிடம் எங்கே வேலைக்குப் போக ஆசை என்று கேட்டால் இந்த நாலில் ஒன்று வந்துவிடும், இப்போது இன்ஜினியரிங் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நான் சென்னையில் ஆடிட் வேலையில் இருக்கிறேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்பவர்கள் பலர், கேள்விகள் பெரும்பாலும் அதேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் திரும்பத் திரும்ப வரப்போவது ஒரு விஷயம்: போர்டில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். எந்த டீம், யாருடைய கணக்கு, எந்த மாதங்களில் வேலை குவியும், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இந்த நிறுவனங்கள் சரியாக என்னதான் செய்கின்றன?

மற்ற கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்வது, வரி வேலை, ஆலோசனை. இந்த மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது கணக்கைத் துருவிப் பார்ப்பது, மோசடி விசாரணை, மென்பொருள் நிறுவித் தருவது, சைபர் பாதுகாப்பு என்று ஆலோசனைக்குள்ளேயே ஏகப்பட்ட கிளைகள் உண்டு.

ஒரு காலத்தில் இவை எட்டாக இருந்தன. 1989ல் நடந்த இணைப்புகளில் ஆறாகி, 1998ல் பிரைஸ் வாட்டர்ஹவுசும் கூப்பர்ஸ் அண்டு லைப்ராண்டும் சேர்ந்து பிடபிள்யூசி ஆனபோது ஐந்தாகி, என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் கணக்கு ஊழலில் அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் 2002ல் சரிந்த பிறகு நாலில் நிற்கிறது. கணக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றால் உலகம் முழுக்க அலுவலகம் வைத்திருந்த நிறுவனமும் காணாமல் போகும் என்பதை இந்தத் துறையில் நுழைகிற ஒவ்வொருவரும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே பெயரில் இரண்டு மூன்று கம்பெனி இருக்கிறதே, எது உண்மையானது?

எல்லாமே உண்மையானதுதான். ஆனால் உள்ளே வேலை வேறு வேறு, பலர் குழம்புவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, இந்தியாவில் இந்தியக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் உறுப்பு நிறுவனம், அதாவது அந்த உலகளாவிய குழுமத்தில் சேர்ந்திருக்கும் உள்நாட்டு நிறுவனம். இங்கே சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்துப் போட இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் பதிவு செய்த நிறுவனங்களால்தான் முடியும். அதனால்தான் ஆண்டறிக்கைகளில் இஒய் என்றோ கேபிஎம்ஜி என்றோ பார்க்க மாட்டீர்கள். இஒய் சார்பில் எஸ்.ஆர். பட்லிபாய், கேபிஎம்ஜி சார்பில் பி எஸ் ஆர் அண்டு கோ, டெலாய்ட் சார்பில் டெலாய்ட் ஹாஸ்கின்ஸ் அண்டு செல்ஸ் என்று இருக்கும். ஆலோசனைப் பிரிவுக்கு இன்னொரு கம்பெனி இருக்கும்.

இரண்டாவது, உலகளாவிய மையம். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று அங்கே இருக்கும் உறுப்பு நிறுவனங்களின் வேலையை இங்கிருந்து செய்து தருவது. டெலாய்ட்டின் அமெரிக்கப் பிரிவுக்கு ஹைதராபாத் பெரிய மையம், இஒய்யின் மையம் கொச்சி, திருவனந்தபுரம், சென்னை, கோவை என்று இருக்கிறது. புதிதாகப் பட்டம் முடித்தவர்களைக் கூட்டம் கூட்டமாக எடுப்பது பெரும்பாலும் இந்த மையங்கள்தான்.

ஆஃபர் லெட்டரில் கம்பெனியின் முழுப் பெயரையும் படியுங்கள். முதல் வகையில் நீங்கள் கிளையன்ட் இடத்துக்குப் போவீர்கள், அம்பத்தூர் ஃபேக்டரியில் உட்காருவீர்கள், கம்பெனிச் சட்டமும் ஜிஎஸ்டியும் கைக்கு வரும். இரண்டாவதில் கணினி முன்னால் அமெரிக்க வரிச்சட்டம் கற்பீர்கள், டீம் லீடர் சிகாகோவில் இருப்பார், மாலை நேரத்து அழைப்புகள் சகஜம். சம்பளம், வேலை நேரம், அடுத்த வேலை எது என்பது எல்லாம் இதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. இரண்டில் எது மட்டம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எது உங்களுக்குச் சரிவரும் என்று மட்டும் பாருங்கள்.

சிஏ (பட்டயக் கணக்காளர் படிப்பு) முடிக்காமல் சேர முடியுமா?

முடியும். பி.காம், பிபிஏ, எம்.காம் முடித்தவர்களை வரிப் பிரிவிலும் ஆடிட் உதவி வேலைகளிலும் மையங்கள் எடுக்கின்றன. இன்ஜினியரிங், பி.எஸ்சி கணினி அறிவியல் முடித்தவர்களுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை, ஐடி ஆடிட், சைபர். எம்பிஏ முடித்தால் ஆலோசனைப் பிரிவில் கொஞ்சம் மேலேயே சேரலாம்.

ஆனால் ஒன்று. இந்திய உறுப்பு நிறுவனத்தில் ஆடிட் பக்கம் மேலே போக ஆசை இருந்தால் சிஏ இல்லாமல் ஒரு இடத்தில் நின்றுவிடும், ஏனென்றால் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை சிஏவுக்கு மட்டும்தான். இதைச் சேரும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சிஏ படிப்பின் கட்டாய வேலைப் பயிற்சியைப் பெரிய நிறுவனத்தில் செய்வதா, சின்ன ஆபீஸில் செய்வதா?

விதி இதுதான்: 2023 ஜூலையில் வந்த புதிய திட்டப்படி சிஏவின் இரண்டாம் கட்டத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப், அதுவும் முன்பு இருந்த 3 வருடம் குறைந்து 2 வருடமாகிவிட்டது. அது முடிந்து 6 மாதம் படித்துவிட்டு ஃபைனல் எழுதலாம். காமர்ஸ் பட்டத்தில் 55 சதவீதம், மற்ற பட்டங்களில் 60 சதவீதம் இருந்தால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமலேயே இன்டருக்குப் பதிவு செய்யலாம்.

சின்ன ஆபீஸில், அதாவது மயிலாப்பூரிலோ மதுரை டவுன் ஹால் ரோட்டிலோ ஒரு சிஏ தனியாக நடத்தும் இடத்தில், எல்லா வேலையும் உங்கள் மேல் விழும். காலையில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன், மதியம் ஒரு டிரஸ்ட் ஆடிட், சாயங்காலம் வருமான வரி நோட்டீசுக்குப் பதில் எழுதுவது. வவுச்சரிலிருந்து ரிட்டர்ன் வரை ஒரு கணக்கின் முழு ஓட்டமும் தெரிந்துவிடும். பெரிய நிறுவனத்தில் ஒரு பெரிய கம்பெனியின் ஒரு துண்டு உங்களுக்கு வரும், நிலையான சொத்துகள் மட்டும் என்றோ சம்பளச் செலவு மட்டும் என்றோ. அந்தத் துண்டை எப்படி ஆழமாகப் பார்ப்பது, பார்த்ததை இன்னொருவர் படித்தால் புரிகிற மாதிரி எப்படி எழுதி வைப்பது என்று அங்கே கற்றுத் தருவார்கள், ஸ்டைபெண்டும் கூடுதலாக இருக்கும், ரெஸ்யூமேயில் பெயரும் நிற்கும்.

என் அபிப்பிராயம்: வருங்காலத்தில் சொந்த ஊரில் பிராக்டிஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் சின்ன, அல்லது நடுத்தர ஆபீஸுக்குப் போங்கள். கம்பெனி வேலை, ஆலோசனை, வெளிநாடு என்று நினைப்பு இருந்தால் பெரியது. பெரியதில் இடம் கிடைக்காமல் மனம் உடைந்து போகிறவர்களுக்குச் சொல்கிறேன், சிஏ ஆன பிறகு பட்டயக் கணக்காளர் கழகமே நடத்தும் கேம்பஸ் தேர்வு மூலம் இந்த நிறுவனங்களுக்குள் வருகிறவர்களில் சின்ன ஆபீஸிலிருந்து வந்தவர்கள் நிறைய, அவர்களில் பலருக்கு லெட்ஜரைப் பார்த்ததும் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் வருடம் தினமும் என்ன வேலை?

ஆடிட்டை எடுத்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்தது அதுதான்.

மார்ச் 31. ஒரகடத்தில் ஒரு கிடங்கு. கிளையன்டின் ஆட்கள் சரக்கை எண்ணுகிறார்கள், நீங்கள் எண்ணுவதைக் கண்காணிக்கிறீர்கள். கையில் ஒரு பட்டியல். அதிலிருந்து சில பொருள்களைத் தேர்ந்தெடுத்து ராக்கில் போய்ப் பார்க்க வேண்டும், அப்புறம் ராக்கில் கண்ணில் பட்ட சில பொருள்களைத் தேர்ந்தெடுத்து அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். முதலாவது, இல்லாத சரக்கைக் கணக்கில் காட்டியிருக்கிறார்களா என்பதற்கு. இரண்டாவது, இருக்கிற சரக்கை விட்டுவிட்டார்களா என்பதற்கு. கிளம்பும் முன் அன்றைய கடைசி சரக்கு வரவு ரசீது எண்ணையும் கடைசி டெலிவரி சலான் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் ஏப்ரலில் உட்கார்ந்து எந்த விற்பனை இந்த வருடம், எது அடுத்த வருடம் என்று சொல்ல முடியும். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளையும் எழுதிக்கொள்ளுங்கள், விற்காமல் தேங்கிய சரக்கு அதுவாக இருக்கலாம், அதன் மதிப்பைக் குறைத்துக் காட்ட வேண்டி வரும்.

மற்ற நாட்களில் வவுச்சிங் (கணக்குப் பதிவுகளை ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது), வங்கிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இருப்பு உறுதிக் கடிதம் அனுப்பிப் பின்தொடர்வது, எக்செலில் ஷெட்யூல் போடுவது, ஒர்க்கிங் பேப்பர் (எதை எப்படிச் சோதித்தோம் என்ற குறிப்பு) எழுதுவது. எழுதியதை சீனியர் பார்த்து ரிவ்யூ பாயின்ட், அதாவது திருத்தக் கேள்விகள், போடுவார். "எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. முதல் சில மாதங்களில் ஒரு பேப்பருக்கு இருபது பாயின்ட் வந்தாலும் கலங்க வேண்டாம், தொழில் கற்றுக்கொள்வதே அதை ஒவ்வொன்றாகத் தீர்க்கும்போதுதான்.

மையத்தில் அமெரிக்க வரி டீம் என்றால் வேலை வேறு மாதிரி. பார்ட்னர்ஷிப் ரிட்டர்னுக்கு மார்ச் 15, தனிநபருக்கும் பெரும்பாலான கம்பெனிகளுக்கும் ஏப்ரல் 15, நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு செப்டம்பர் 15, அக்டோபர் 15. இந்தத் தேதிகளைச் சுற்றித்தான் உங்கள் லீவு, கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம் அமையும். பொங்கல் சமயத்திலேயே சீசன் சூடுபிடிக்கத் தொடங்கிவிடும்.

வேலை நேரம் அநியாயத்துக்கு நீளும் என்கிறார்களே, நிஜமா?

சீசனில் நிஜம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் ஆண்டுக் கணக்கை 60 நாளில் வெளியிட வேண்டும், அதாவது மார்ச் கணக்கு மே 30க்குள். காலாண்டு முடிவுக்கு 45 நாள். வரி ஆடிட்டுக்கு செப்டம்பர் 30 கெடு. ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து பதினொன்று வரை இருப்பது ஆடிட் டீம்களில் அதிசயம் இல்லை, மற்ற மாதங்களில் ஓரளவு நேரத்துக்குக் கிளம்பலாம்.

2024ல் புனேயில் இப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன 26 வயது சிஏ பெண் இறந்துபோனார். வேலைப்பளுதான் மகளை அழித்தது என்று அவருடைய அம்மா எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விசாரிப்பதாக அறிவித்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல பெற்றோர் என்னிடம் பேசினார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நேரம் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த டீமின் மேனேஜரும், எத்தனை பேர் வேலையை எத்தனை பேர் தலையில் போட்டிருக்கிறார்கள் என்பதும்தான். அதே கட்டிடத்தில் அடுத்த மாடியில் மனிதத்தன்மையோடு நடக்கும் டீம் இருக்கும். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், நெஞ்சு படபடப்பு தொடர்ந்து இருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், மேனேஜரிடம் எழுத்தில் சொல்லுங்கள், டீம் மாற்றிக் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் வேறு வேலை தேடிக்கொண்டு ராஜினாமா கொடுத்துவிடுங்கள். வேலை செய்த மணிநேரத்தை டைம்ஷீட்டில் குறைத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள், அப்படிக் குறைத்துக் காட்டினால் அடுத்த வருடமும் அந்த வேலைக்கு அதே குறைந்த ஆட்களைத்தான் ஒதுக்குவார்கள்.

பெண்கள் இரவு வீடு திரும்ப அலுவலக வண்டி உண்டா என்று சேரும் முன்பே கேட்கலாம். தயங்கவே வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு வரும்?

நகரம், பிரிவு, படிப்பு மூன்றையும் பொறுத்து மாறுவதால் ஒரு எண்ணைச் சொல்லி உங்களைத் திசை திருப்ப விரும்பவில்லை. ஆனால் சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவை, கையில் வரும் பணமாக நினைத்து வீட்டுக் கடன் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 2,400 ரூபாய் (சில இடங்களில் சட்ட வரம்பான 15,000க்கு மட்டும் கணக்கிட்டு 1,800). கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், 962 ரூபாய். இரண்டும் சிடிசிக்குள்தான் இருக்கும், கைக்கு வராது. உங்கள் பங்கு பிஎஃப்பும் பிடிப்பார்கள், தமிழ்நாட்டில் அரை வருடத்துக்கு ஒரு முறை தொழில் வரியும் போகும். வேரியபிள் என்று, செயல்திறனைப் பொறுத்து மாறும் ஒரு தொகை இருந்தால் அது வருட முடிவில், அதுவும் முழுதாக வரும் என்று எழுதி வைத்துக்கொள்ள முடியாது. எச்ஆரிடம் "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று நேராகவே கேளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலம் தடையாக இருக்குமா?

ஆறு மாதத்துக்குச் சிரமமாக இருக்கும். அப்புறம் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது உச்சரிப்புக்கு இல்லை. இந்த வேலையில் பேச்சை விட எழுத்து அதிகம், அந்த எழுத்தும் அலங்காரம் கேட்பதில்லை. "ஜனவரி முதல் மார்ச் வரை கிடங்கு வாடகைக்கான இன்வாய்ஸ் மூன்றில் பிப்ரவரி மட்டும் வரவில்லை, வியாழக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா?" என்கிற அளவுக்கு ஒரு மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தால் முதல் வருடம் ஓடிவிடும். எந்த ஆவணம், எந்த மாதம், எப்போது வேண்டும், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பப் பழகுங்கள்.

நம் பக்கத்துக் கிளையன்ட் என்றால் தமிழ் பெரிய பலம். திருப்பூர் பனியன் கம்பெனியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதும் பெரியவரிடம் "சார், இந்த என்ட்ரி மட்டும் ஏன் மாசக் கடைசியில போட்டிருக்கீங்க?" என்று பணிவாகத் தமிழில் கேட்டால், பத்து மின்னஞ்சலில் வராத பதில் ஒரு டீ குடிப்பதற்குள் வந்துவிடும். ஆபீஸுக்குள் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார்கள், ஆனாலும் சென்னை ஆடிட் டீம்களில் பார்ட்னரை சார், மேடம் என்று கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். டீமில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

ஆன்லைனில் ஆப்டிட்யூட், சில இடங்களில் குழு விவாதம், அப்புறம் ஒன்றோ இரண்டோ நேர்காணல். காமர்ஸ் பிள்ளைகளிடம் அடிப்படையைத்தான் கேட்பார்கள். தேய்மானத்துக்கும் பணப்புழக்கத்துக்கும் என்ன சம்பந்தம், லாபம் இருந்தும் கையில் பணம் இல்லாமல் போவது எப்படி, நிலுவைச் செலவுக்கு என்ன என்ட்ரி.

தயாராவதற்கு ஒரு வழி சொல்கிறேன், செலவே கிடையாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள், டிவிஎஸ் மோட்டார், எம்ஆர்எஃப், டைட்டன், எதுவானாலும் சரி. அதில் தணிக்கையாளர் அறிக்கையில் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்று ஒரு பகுதி வரும், பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு அது கட்டாயம். எந்த இடத்தில் கணக்கு சிக்கலானது, அதை ஆடிட்டர் எப்படிச் சோதித்தார் என்று அவரே எழுதியிருப்பார். இரண்டு கம்பெனிகளின் இந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் போனால் "ஏன் ஆடிட்?" என்கிற கேள்விக்கு உங்களிடம் சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்கும்.

அரியர் இருந்தால்?

பல கேம்பஸ் தேர்வுகளில் நிலுவை அரியர் இருந்தால் உட்காரவே விட மாட்டார்கள். முன்பு இருந்து முடித்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், சேர்ந்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும்.

ஏசிசிஏ, அமெரிக்க சிபிஏ படிக்கலாமா?

மையங்களில் இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஏசிசிஏ (பிரிட்டிஷ் கணக்காளர் தகுதி) 13 தாள், 3 வருட அனுபவம். சிபிஏ (அமெரிக்கக் கணக்காளர் உரிமத் தேர்வு) 4 தாள், 2024 ஜனவரியிலிருந்து மூன்று கட்டாயத் தாளும் ஒரு விருப்பத் தாளும் என்று மாறியிருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இந்தியாவில் சட்டப்படியான ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது, கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் இது இருக்காது. சில நிறுவனங்கள் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, அதனால் பெற்றோர் பணத்தைக் கொட்டும் முன் வேலைக்குச் சேர்ந்து விசாரித்துவிட்டுப் படிக்கலாம்.

நான் பங்குச் சந்தையில் முதலீடு செய்கிறேன். பிரச்சினையா?

ஆகலாம். தணிக்கை செய்யும் கம்பெனியின் பங்கை அந்த டீமில் இருப்பவர் வைத்திருக்கக் கூடாது, கணவன் அல்லது மனைவி பெயரில் இருந்தாலும் அதே கதைதான். மேலே போகப் போகக் கட்டுப்பாடு இறுகும். சேரும்போது முதலீடுகளை அறிவிக்கச் சொல்வார்கள், நேர்மையாகப் போடுங்கள். இதெல்லாம் வெறும் சடங்கு இல்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற ஹைதராபாத் மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் காட்டிய பணம் கிடையாது என்று கடிதம் எழுதியபோது எத்தனையோ சாதாரண மக்களின் சேமிப்பு ஒரே நாளில் கரைந்தது. அந்தக் கணக்குகளில் கையெழுத்துப் போட்டது பிடபிள்யூசியின் இந்திய உறுப்பு நிறுவனமான பிரைஸ் வாட்டர்ஹவுஸ். 2018ல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்த பிறகு தணிக்கையாளர்கள் மீது தனி நபராகவே அபராதமும் தடையும் விழுகிறது.

எவ்வளவு வருடம் இருக்கலாம்? அப்புறம் எங்கே போவது?

அசோசியேட், சீனியர், உதவி மேனேஜர், மேனேஜர் என்று ஏணி போகும், பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். சீனியர் ஆகும் வரையாவது இருங்கள் என்பேன், அடுத்தவர் வேலையை ரிவ்யூ செய்யும்போதுதான் தொழில் கைவரும். அப்புறம் கம்பெனிகளின் நிதிப் பிரிவு, வங்கி, பன்னாட்டு நிறுவனங்களின் சென்னை, பெங்களூரு மையங்கள் என்று பல கதவுகள் திறக்கும். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று இப்போதே ஆஃபர் லெட்டரில் பாருங்கள். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் எந்த இடத்தையும் விட்டு வராதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் வந்தது, டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள்...

கட்டாதீர்கள். இந்த நாலு நிறுவனங்களும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை, லேப்டாப்புக்கோ பயிற்சிக்கோ சரிபார்ப்புக்கோ எதற்கும் இல்லை. மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் சொந்த டொமைன் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், அவர்கள் இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்த வேலை எண் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.